ஸ்டெர்லைட் மறுஆய்வு மனு: 'இன்னொரு தடவை பாருங்கள்' என்று கேட்க யாரால் முடியும்?

2024 நவம்பர் 16, சனிக்கிழமை. கொண்டப்பநாயக்கன்பட்டியில் வீட்டில் இருந்தேன். தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையைத் திறக்கக் கோரி வேதாந்தா நிறுவனம் போட்ட மறுஆய்வு மனுவை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது என்று செல்பேசியில் செய்தி வந்தது. உத்தரவு அக்டோபர் 22ஆம் தேதியிட்டது. வெளியே தெரிந்தது அன்றுதான். தோழர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுக்களில் 'வெற்றி, வெற்றி' என்று நிரம்பி வழிந்தது. நானும் ஒரு சிவப்புக்கொடி பொம்மை போட்டேன். பொய் சொல்ல விரும்பவில்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது.

அப்பா டீ டம்ளரோடு வந்து உட்கார்ந்தார். லாரிகளில் லோடுமேனாக இருந்து முதுகு போனவர். செய்தியைப் படித்துச் சொன்னேன்.

"அது அப்பவே முடிஞ்சு போச்சின்னு சொன்ன கண்ணு?"

"ஆலைய மூடுனதுதான்ப்பா 2018ல. கேசு இப்பத்தான் முடியுது."

"அதுக்கப்பறம் எத்தன தடவ பாத்தாங்க அந்தக் கேச?"

விரல் விட்டு எண்ணினேன். 2018 டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம். 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம். 2020 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம். 2024 பிப்ரவரியில் மீண்டும் உச்ச நீதிமன்றம். இப்போது மறுஆய்வு. நீதிமன்றக் கணக்கு மட்டும் அஞ்சு.

"அஞ்சு தடவ," என்றேன்.

அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "நம்மளத ஒரு தடவகூடப் பாக்கலயே" என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவப் போய்விட்டார்.

அவர் சொன்னது வீட்டுமனைப் பட்டாவைப் பற்றி. பக்கத்து ஊர் ஒன்றில் ஆதிதிராவிடர் குடும்பங்களுக்கு இலவச வீட்டுமனைப் பட்டா கொடுத்தார்கள். எங்கள் குடும்பத்துக்கும் ஒன்று. அப்போது நான் ஆரம்பப் பள்ளியில் இருந்தேன். காகிதம் கையில் இருக்கிறது, நிலத்தை மட்டும் இன்றுவரை அளந்து காட்டவில்லை. அந்த நிலத்தில் வேறு ஒருவர் மரவள்ளி போட்டுக்கொண்டிருக்கிறார். அப்பா திங்கட்கிழமை மனு நாட்களில் கொடுத்த மனுக்களின் ரசீதுகள் எல்லாம் ஒரு மஞ்சப்பையில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் இப்படி ஒரு மஞ்சப்பை இல்லாத சேரி இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் போட்ட கணக்கை என்னால் அன்று முழுக்க மறக்க முடியவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கணக்கைப் பற்றியது.

முதலில் மறுஆய்வு என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். அரசியல் சட்டத்தின் 137ஆவது பிரிவு, உச்ச நீதிமன்றம் தான் கொடுத்த தீர்ப்பைத் தானே திரும்பிப் பார்க்கும் அதிகாரத்தைத் தருகிறது. ஆனால் அது இன்னொரு மேல்முறையீடு அல்ல. 'நீங்கள் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை' என்று போக முடியாது. ஆவணங்களைப் புரட்டியவுடனேயே கண்ணில் படுகிற மாதிரி வெளிப்படையான பிழை இருக்க வேண்டும், அல்லது முன்பு எவ்வளவு முயன்றும் கிடைக்காத புதிய ஆதாரம் இருக்க வேண்டும். முடிந்தவரை அதே நீதிபதிகளிடமே மனு போகும். பெரும்பாலும் வழக்கறிஞர் வாதம் கிடையாது. நீதிபதிகள் தங்கள் அறையில் காகிதங்களைச் சுற்றுக்கு விட்டுப் படித்து முடிவெடுப்பார்கள். வேதாந்தா மனுவிலும் அப்படித்தான். தலைமை நீதிபதியாக இருந்த டி.ஒய். சந்திரசூட், ஜே.பி. பர்திவாலா, மனோஜ் மிஸ்ரா ஆகிய மூவரும் பிப்ரவரி 29இல் மேல்முறையீட்டைத் தள்ளியவர்கள். அவர்களே பார்த்து, பிழை ஏதும் தென்படவில்லை என்று சில வரிகளில் முடித்துவிட்டார்கள்.

அந்தச் சில வரிகளுக்குப் பின்னால் முப்பது வருடக் கதை இருக்கிறது. மகாராஷ்டிராவில் ரத்னகிரியில் வரவேண்டிய ஆலை அது. அங்கே மக்கள் எதிர்த்து விரட்டினார்கள். 1994 அக்டோபரில் தூத்துக்குடியில் அடிக்கல் நாட்டினார் அன்றைய முதல்வர் ஜெயலலிதா. 1996இலேயே ஆலைக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடப்பட்டது. அந்த மனு மீது தீர்ப்பு வந்தது 2010 செப்டம்பர் 28 அன்று: ஆலையை மூடு. மக்கள் தரப்பு பதினான்கு வருடம் காத்திருந்து வாங்கிய தீர்ப்பு அது. அக்டோபர் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை கொடுத்தது.

பதினான்கு வருடத்துக்கு எதிரே மூன்று நாள். ஆய்வு மாணவி என்ற முறையில் நிறைய வழக்குக் கோப்புகளைப் படித்திருக்கிறேன். இந்திய நீதித்துறையில் வர்க்கமும் சாதியும் எப்படி வேலை செய்கின்றன என்று யாராவது கேட்டால் பெரிய கோட்பாடு எதையும் நான் எடுப்பதில்லை, இந்த இரண்டு தேதிகளைச் சொல்லிவிடுவேன். நீதிபதி யார் பக்கம் என்பதல்ல விஷயம். டெல்லியில் மூத்த வழக்கறிஞரை ராத்திரியோடு ராத்திரியாக அமர்த்தி மறுநாள் காலையில் நீதிமன்றக் கதவைத் தட்ட முடிகிறவரின் அவசரம் மட்டும்தான் நீதிமன்றத்துக்கு அவசரமாகத் தெரிகிறது. மற்றவர்களின் அவசரம் 'நிலுவை' ஆகிவிடுகிறது.

2013 ஏப்ரல் 2 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உயர் நீதிமன்றத் தீர்ப்பையே ரத்து செய்தது. ஆலை மாசுபடுத்தியதையும், அனுமதியைப் புதுப்பிக்காமல் நீண்ட காலம் ஓடியதையும் நீதிமன்றமே பதிவு செய்தது. ஆனால் தாமிரம் நாட்டுக்குத் தேவை, வேலைவாய்ப்பு இருக்கிறது, அரசுக்கு வருவாய் வருகிறது. ஆகவே 100 கோடி ரூபாய் கட்டிவிட்டு நடத்திக்கொள்ளலாம் என்றது. அதற்குப் பத்து நாள் முன்பு, மார்ச் 23 காலையில்தான் தூத்துக்குடி மக்கள் மூச்சுத்திணறி வீதிக்கு வந்திருந்தார்கள்.

அதே மாதம் 18ஆம் தேதி, அதே உச்ச நீதிமன்றத்தின் வேறொரு அமர்வு, அதே வேதாந்தா குழுமத்தின் ஆலைக்குப் பாக்சைட் எடுக்கவிருந்த ஒடிசாவின் நியம்கிரி மலை வழக்கில், அங்குள்ள கிராம சபைகளிடம் கேளுங்கள் என்றது. டோங்ரியா கோந்த் பழங்குடியினரும் மற்றவர்களும் வாழும் பன்னிரண்டு கிராமங்களில் சபை கூட்டினார்கள். பன்னிரண்டும் வேண்டாம் என்றன. பதினாறு நாள் இடைவெளியில் ஒரே நீதிமன்றம் இரண்டு பாதைகளைக் காட்டியது. ஒன்றில் கேள்வி 'இதன் விலை எவ்வளவு?' மற்றொன்றில் 'உங்களுக்குச் சம்மதமா?' தூத்துக்குடிக்காரர்களிடம் இரண்டாவது கேள்வியை எந்த நீதிமன்றமும் கேட்கவே இல்லை. 2018இல் குமரெட்டியாபுரத்தில் தொடங்கிய போராட்டம் அந்தக் கேள்வியைத் தாங்களே கேட்டுக்கொண்டு பதில் சொன்ன போராட்டம். கடற்கரைக்காரர்களும் கரிசல்காட்டு ஊர்க்காரர்களும் நகரத்து வியாபாரிகளும் ஒரே பக்கம் நின்றார்கள். நூறாவது நாள், மே 22. கலெக்டர் அலுவலகம் நோக்கிப் போனவர்கள் மீது துப்பாக்கிச்சூடு. 13 பேர் கொல்லப்பட்டார்கள். பதினேழு வயதுப் பெண் ஒருத்தி அதில் உண்டு.

மே 28 அன்று அரசு ஆலையை மூட ஆணையிட்டது. டிசம்பர் 15இல் பசுமைத் தீர்ப்பாயம் திற என்றது. தீர்ப்பாயத்துக்கு அந்த அதிகாரமே இல்லை என்று 2019 பிப்ரவரி 18இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, வேண்டுமானால் உயர் நீதிமன்றம் போ என்றது. 2020 ஆகஸ்ட் 18இல் நீதிபதிகள் டி.எஸ். சிவஞானம், வி. பவானி சுப்பராயன் அமர்வு 815 பக்கத் தீர்ப்பில் வேதாந்தாவின் மனுக்களைத் தள்ளியது. அந்தத் தீர்ப்பை முழுதாகப் படியுங்கள் என்று இளைய தோழர்களிடம் சொல்வேன். எத்தனை பேர் படிப்பார்கள் என்பது வேறு விஷயம். தாமிரக் கழிவை உப்பாற்றங்கரை உட்படப் பல இடங்களில் கொட்டியது, அபாயகரக் கழிவுக்கான அனுமதி இல்லாமல் ஓடியது, நிலத்தடி நீர் அறிக்கைகள் கொடுக்காதது என்று ஒவ்வொன்றையும் தேதி போட்டு அடுக்கியிருக்கிறார்கள். உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் அதைத்தான் உறுதி செய்தது.

ஆக, கடைசியில் நியாயம் கிடைத்துவிட்டதே, பிறகு ஏன் இந்தப் புலம்பல்?

நியாயம் கிடைத்தது ஒரு கேள்விக்கு மட்டும். ஆலையைத் திறக்கலாமா என்ற கேள்வி. அது கம்பெனி கேட்ட கேள்வி. 2018க்குப் பிறகு நடந்த அத்தனை வழக்கிலும் கம்பெனியின் கோரிக்கைதான் மையத்தில் இருந்தது. மக்கள் தரப்பில் பேராசிரியர் பாத்திமா பாபு, வைகோ போன்றவர்கள் நடுவே சேர்ந்து வாதாட வேண்டியிருந்தது. வாதத்தில் வென்றார்கள். ஆனால் பதில் 'மாட்டோம்' என்று வந்தால் என்ன ஆகும்? கம்பெனி கேட்டது அதற்குக் கிடைக்கவில்லை. அவ்வளவுதான். மக்கள் கேட்டது இதனால் கிடைத்துவிடாது.

மக்கள் கேட்டது எது? சுட்டவர்கள் மீது வழக்கு. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் நான்கு வருடம் விசாரித்து, 2022 அக்டோபர் 18இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட அறிக்கையில், ஓடிக்கொண்டிருந்தவர்களைச் சுட்டிருக்கிறார்கள் என்றது. 17 காவல்துறையினர் மீதும், அன்றைய மாவட்ட ஆட்சியர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. தேசிய மனித உரிமை ஆணையமோ, தானாக எடுத்த விசாரணையை 2018 அக்டோபரிலேயே மூடிவிட்டது. துப்பாக்கிச்சூடு நடந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. கம்பெனிக்கு ஐந்து தடவை பார்த்த அமைப்பு, சுடப்பட்டவர்களின் கோப்பை ஒரு தடவை பாதி பார்த்து மூடிய கதை இது.

இந்த இடத்தில், சாதி ஒழிப்பு அரசியல் பேசும் நாம் மறுஆய்வு என்ற சொல்லை நம் அனுபவத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நமக்கும் ஒரு மறுஆய்வு இருக்கிறது. 2018 மார்ச் 20இல், சுபாஷ் காசிநாத் மகாஜன் வழக்கில், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பல்லைப் பிடுங்கியது உச்ச நீதிமன்றம். முதற்கட்ட விசாரணை, கைதுக்கு முன் அனுமதி என்று நிபந்தனைகள். ஏப்ரல் 2இல் தலித் அமைப்புகள் பாரத் பந்த் நடத்தின. வடமாநிலங்களில் துப்பாக்கிச்சூட்டிலும் வன்முறையிலும் பல உயிர்கள் போயின. பந்த் நடந்த அன்றுதான் ஒன்றிய அரசு மறுஆய்வு மனுவோடு ஓடியது. நாடாளுமன்றம் ஆகஸ்டில் சட்டத்தைத் திருத்தியது. 2019 அக்டோபர் 1இல் மறுஆய்வு மனு ஏற்கப்பட்டு, அந்த நிபந்தனைகள் திரும்பப் பெறப்பட்டன. இருபது கோடிப் பேர் கொண்ட சமூகம் 'இன்னொரு தடவை பாருங்கள்' என்று சொல்வதற்கு வீதியில் இறங்க வேண்டியிருந்தது. வேதாந்தாவுக்கு ஒரு வக்கீல் கையெழுத்து போதும்.

இன்னும் பக்கத்தில் வாருங்கள். எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் சேர்வராயன் மலைக்கு அந்தப் பக்கம், சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி. 1992 ஜூன் 20இல் வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் சேர்ந்து ஒரு மலைவாழ் மக்கள் ஊரையே சூறையாடினார்கள். பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டார்கள். தண்டனை வந்தது 2011 செப்டம்பர் 29இல். குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் செத்துப்போயிருந்தார்கள். மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது 2023 செப்டம்பர் 29இல். முப்பத்தொரு வருடம். இதில் மேல்முறையீடு, இன்னொரு பார்வை எல்லாம் யாருக்குப் பயன்பட்டது? தண்டிக்கப்பட்ட அதிகாரிகளுக்கு. பன்னிரண்டு வருடம் அவர்களுக்குக் கூடுதலாகக் கிடைத்தது.

மறுஆய்வே கூடாது என்று நான் சொல்லவில்லை. தூக்குத் தண்டனைக் கைதிகள் எத்தனையோ பேர் அதனால் உயிர் பிழைத்திருக்கிறார்கள். திரும்பிப் பார்க்காத நீதிமன்றம் ஊர்ப் பஞ்சாயத்துக்குச் சமம். எங்கள் பக்கத்து ஊர்ப் பஞ்சாயத்துகளில் சேரிக்காரனுக்கு விதித்த அபராதத்தை யாரும் மறுஆய்வு செய்ததாக என் ஆயா சொல்லி நான் கேட்டதில்லை. அந்த உரிமை ஒன்றுதான், ஆனால் அதை அடையும் தூரம் ஆளுக்கு ஆள் வேறாக இருக்கிறது என்பதுதான் என் புகார்.

இனி, வேலை போனதைப் பற்றி. இதை நம் ஆட்கள் தொடவே மாட்டேன் என்கிறார்கள். ஸ்டெர்லைட் மூடியதால் ஒப்பந்தத் தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள் என்பது உண்மை. அவர்களை எல்லாம் 'கம்பெனி ஆள்' என்று ஒதுக்குவது அநியாயம். லோடு ஏற்றுவதும் கழிவு அள்ளுவதும் எந்தச் சாதிக்காரர்கள் கையில் வந்து விழும் என்று எங்கள் வீட்டுக்குத் தெரியும். ஆனால் இந்த வாதத்தை எடுத்துக்கொண்டு வருகிறவர்களிடம் நான் மேட்டூரைப் பற்றிக் கேட்பேன்.

மேட்டூரில் மால்கோ இருந்தது. மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி. அறுபதுகளில் தொடங்கியது. 1995இல் ஸ்டெர்லைட் குழுமத்தின் கைக்குப் போனது, அதாவது இன்றைய வேதாந்தா. அதற்கான பாக்சைட் ஏற்காட்டிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் வெட்டி எடுக்கப்பட்டது. இரண்டும் மலையாளிப் பழங்குடிகளின் மலை. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஏற்காடு ரோட்டில் சிவப்பு மண் ஏற்றிய லாரிகள் இறங்கிவரும். மலையிலிருந்து வருகிறது என்று தெரியும், எங்கே போகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்த பிறகுதான் அந்த மண்ணைப் பின்தொடர்ந்து மேட்டூர்வரை போனேன், அதுவும் காகிதத்தில்.

2008 நவம்பரில் மால்கோவின் அலுமினிய உருக்காலை நின்றது. எந்த நீதிமன்றமும் மூடச் சொல்லவில்லை. உலகச் சந்தையில் அலுமினிய விலை சரிந்தது, உற்பத்திச் செலவு கட்டுபடியாகவில்லை. நிறுத்திவிட்டார்கள். தொழிலாளர் குடும்பங்கள் என்ன ஆகும் என்று அன்று தொலைக்காட்சியில் யார் அழுதார்? தாமிரம் நாட்டுக்குத் தேவை என்றால் அலுமினியம் தேவையில்லையா? மக்கள் கேட்டு ஆலை மூடினால் அது 'வளர்ச்சிக்கு எதிர்', முதலாளி கணக்குப் பார்த்து மூடினால் அது 'வணிக முடிவு'. வேலை போவது இரண்டிலும் ஒன்றுதான். முதலாவதற்கு மட்டும்தான் நாம் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அலுமினியம் எடுத்தபின் மிஞ்சுவது சிவப்புச் சேறு. காரம் மிகுந்தது. ஒரு டன் அலுமினா எடுத்தால் ஏறக்குறைய அதே எடைக்கோ அதற்கு மேலோ சேறு மிஞ்சும். கம்பெனி உருக்காலையை நிறுத்தலாம், சேற்றை நிறுத்த முடியாது. அது எங்கே கொட்டப்பட்டதோ அங்கேயே கிடக்கும். உப்பாற்றங்கரைத் தாமிரக் கழிவும் அப்படித்தான். 815 பக்கத் தீர்ப்பும், அதை உறுதி செய்த தீர்ப்பும், மறுஆய்வுத் தள்ளுபடியும் சேர்ந்து ஆலையைத் திறக்க விடாமல் வைத்திருக்கின்றன. மண்ணையும் தண்ணீரையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவு யாருடையது, எந்தத் தேதிக்குள், யார் மேற்பார்வையில் என்பதை மக்கள்தான் இனி கேட்டு வாங்க வேண்டும். 2013இல் விதித்த 100 கோடிக்கு ஊர் ஊராகக் கணக்குக் கேட்க வேண்டும். ஆணைய அறிக்கையின் மீது உயர் நீதிமன்றத்தில் தொடர்ந்து நிற்க வேண்டும். கொண்டாட்டப் பதிவு போட்ட நாம் (நானும்தான்) இதற்கெல்லாம் அடுத்த நாள் பதிவு போடவில்லை.

கம்பெனி இதோடு போய்விடும் என்றும் யாரும் நம்ப வேண்டாம். சட்டத்தில் க்யூரேட்டிவ் மனு என்று ஒன்று பாக்கி இருக்கிறது. அதுவும் போனால் புதிய விண்ணப்பம், புதிய தொழில்நுட்பம், புதிய பெயர். கதவு மூடியதும் அடுத்த கதவு எங்கே என்று தேட அவர்களுக்கு அலுவலகமே இருக்கிறது. 2021 ஏப்ரலில் கொரோனா உச்சத்தில் நாடே மூச்சுக்குத் தவித்தபோது, ஆக்சிஜன் தயாரிக்கிறோம் என்று அந்த வளாகத்துக்குள் போக உச்ச நீதிமன்றத்தில் அனுமதி வாங்கியவர்கள் அவர்கள். ஆக்சிஜன் தேவைப்பட்டது, அதை மறுக்கவில்லை. ஆனால் கதவைக் கண்டுபிடிக்கும் வேகத்தைக் கவனியுங்கள்.

அன்று சாயங்காலம் அப்பா மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு வந்தார். திங்கட்கிழமைக்கு ஒரு மனு எழுதித் தரச் சொன்னார். வழக்கமாக அவர் அடிவாரத்தில் ஒருவரிடம் காசு கொடுத்து எழுதி வாங்குவார். முனைவர் பட்டம் படிக்கும் மகள் வீட்டில் இருந்தும் ஏன் என்னிடம் கேட்டதில்லை என்று கேட்டேன். "உன்னோடது இங்கிலீசுப் படிப்பு" என்றார். கொஞ்சம் சுருக்கென்றது.

நம் ஊர் மனுவில் 'பொருள்' என்று ஒரு வரி இருக்கும், அதற்குக் கீழே 'பார்வை' என்று ஒன்று இருக்கும். முன்பு கொடுத்த மனுக்களின் தேதிகளை அங்கே எழுத வேண்டும். ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கினேன். இரண்டு நைந்து படிக்க முடியாமல் போயிருந்தன. மீதியை வரிசையாக எழுதினேன். பார்வை 1, பார்வை 2, பார்வை 3. பதினொன்று வந்தது. ஒன்றுக்கு மட்டும் பதில் கடிதம் இருந்தது: 'தங்கள் மனு ஏற்கெனவே பரிசீலிக்கப்பட்டு முடிக்கப்பட்டது.'

எப்போது பரிசீலித்தார்கள், யார் பரிசீலித்தார்கள் என்று அதில் இல்லை. இந்தத் தடவை தகவல் உரிமைச் சட்டத்தில் அந்தக் கோப்பின் நகலையும் கேட்டிருக்கிறோம். காலனியில் அதே பட்டா வைத்திருக்கும் மற்ற குடும்பங்களையும் கையெழுத்துப் போடச் சொல்லி அப்பா அன்று ராத்திரியே வீடு வீடாகப் போனார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் பதினாறு கையெழுத்து சேர்ந்திருந்தது.